சால்மன் பொரிப்பகத்தில் கண்காணிப்பு வேலை: முட்டை முதல் மீன் திரும்பி வரும் நாள் வரை

சினூக் என்ற வகை சால்மன் மீன், முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் பொரிப்பகத்தில் நம் கண்முன் இருப்பது சில மாதங்கள்தான். அதிகம் போனால் ஒன்றரை வருடம். அப்புறம் ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். திரும்பி வரும்போது அதற்குப் பெரும்பாலும் 3 முதல் 5 வயது ஆகியிருக்கும். அன்று, குஞ்சாக இருந்தபோது அடையாளத்துக்காக அதன் மூக்கில் செலுத்திய, எண் பொறித்த கம்பித்துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் படிப்பவர் உங்களை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். அவரிடம் இருப்பது அந்த மீனும், நீங்கள் என்றோ எழுதி வைத்த எண்களும் மட்டும்தான். அந்த எண் தப்பாக இருந்தால், அதைச் சரிசெய்ய அந்த வருடத்து மீன்கள் திரும்ப முட்டைக்குள் போகப் போவதில்லை. இந்தக் கண்காணிப்பு டெக்னீசியன் வேலையில் நான் கற்றுக்கொண்ட எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். அதனால் இங்கே கருவிகளைவிடக் கண்ணையும் குறிப்பேட்டையும் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

வேலை எங்கே, யாரிடம்

அமெரிக்காவின் பசிபிக் கரையில் முதல் சால்மன் பொரிப்பகத்தை 1872-இல் கலிபோர்னியாவின் மெக்லவுட் ஆற்றங்கரையில் லிவிங்ஸ்டன் ஸ்டோன் தொடங்கினார். பிறகு அணைகள் வந்தன. கிராண்ட் கூலி அணையால் கொலம்பியா ஆற்றின் மேல்பகுதி மீன்களுக்கு அடைபட்டுப் போனது. அந்த இழப்புக்கு ஈடாகக் கட்டியதுதான் லீவன்வொர்த் பொரிப்பகம். இன்று அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களான வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ பக்கம் மாநில மீன்வளத் துறைகள், கூட்டாட்சி அரசு, பழங்குடி அரசுகள் ஆகிய மூன்று தரப்பும் பொரிப்பகங்கள் நடத்துகின்றன. அலாஸ்காவில் பெரும்பாலும் லாப நோக்கமற்ற அமைப்புகள். மேற்கு வாஷிங்டனில் பிடிக்கத்தக்க மீனில் பாதி, அமெரிக்க அரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட பழங்குடிகளுக்கு உரியது என்று 1974-இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். அதிலிருந்து மாநிலமும் பழங்குடி அரசுகளும் சேர்ந்தே மீன்வளத்தை நிர்வகிக்கின்றன. நீங்கள் எடுக்கும் கணக்கு இரு தரப்பு மேசைக்கும் போகும்.

வேலைக்குச் சேரும்போது, உங்கள் பொரிப்பகம் எதற்காக நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். மீன்பிடிப்புக்காக வளர்ப்பது ஒரு வகை. அழியும் நிலையில் உள்ள இனத்தைக் காப்பாற்றுவது இன்னொரு வகை. ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு 1992-இல் கடலிலிருந்து திரும்பிய சாக்கை சால்மன் ஒன்றே ஒன்று, அதுவும் ஆண். அப்படிப்பட்ட இனத்தை வளர்க்கும் இடத்தில் ஒரு தட்டு முட்டை கெட்டால் அது பேரிழப்பு.

ஆரம்பநிலை வேலைகள் பெரும்பாலும் பருவகால ஒப்பந்தம்தான். உயிரியல் அல்லது மீன்வளப் படிப்பு உதவும். ஆனால் மழையில் ஆறேழு மணி நேரம் நின்றபடி ஒழுங்காகக் கணக்கு எழுத முடியுமா என்பதைத்தான் மேற்பார்வையாளர்கள் அதிகம் பார்க்கிறார்கள். ஓட்டுநர் உரிமமும், கனமான வாளிகளைத் தூக்கும் தெம்பும் கட்டாயம்.

முதல் நாளுக்கு முன்

மார்பு வரை ஏறும் வேடர்ஸ் (நீர் புகாத கால்சட்டை) போட்டால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். ஆற்றில் விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாமல் தடுப்பது அந்த பெல்ட்தான். ஓடும் நீரில் வேலை என்றால் லைஃப் ஜாக்கெட் வேண்டும். கண்ணுக்குப் போலராய்டு கண்ணாடி. அது இல்லாமல் நீர்ப்பரப்பின் பளபளப்பைத் தாண்டி மீனைப் பார்க்க முடியாது. எழுத நீர் புகாத தாள், பென்சில். பேனா வேண்டாம், மை கரைந்துவிடும். ஒரு தொட்டியின் வலையை அடுத்த தொட்டியில் விடக்கூடாது. கிருமிநாசினித் தொட்டியில் பூட்ஸை நனைக்காமல் உள்ளே போகக்கூடாது. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் ஒரு நோய் பரவிய பிறகு வந்த விதி.

காலைச் சுற்று: அளப்பதற்கு முன் பாருங்கள்

மீட்டரைக் கையில் எடுக்கும் முன் சும்மா நடந்து பாருங்கள். முதலில் தண்ணீர் விழும் சத்தம். தினமும் கேட்டுப் பழகிவிட்டால், ஒரு குழாயில் வரத்து குறைந்தாலும் காது சொல்லிவிடும். இலையுதிர் காலத்தில் ஒரே இரவில் இலைகள் சல்லடையை அடைத்துவிடும்.

அப்புறம் மீன்கள். ரேஸ்வே எனப்படும் நீளமான கான்கிரீட் தொட்டியில் நலமாக உள்ள குஞ்சுகள் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்துப் பரவலாக நிற்கும். எல்லாம் நீர் விழும் முனையில் நெருக்கியடித்து நின்றால் ஆக்சிஜனைச் சந்தேகியுங்கள். சில மீன்கள் கீழே வெளியேறும் சல்லடையருகே ஒதுங்கிக் கிடந்தால் அவை பலவீனமானவை. சுவரில் உடம்பை உரசிப் பளிச் பளிச்சென்று புரண்டால் ஒட்டுண்ணியோ செவுள் எரிச்சலோ இருக்கலாம். ஒரு கைப்பிடி தீவனம் வீசினால் நீர் கொதிப்பதுபோல் துள்ள வேண்டும். துள்ளல் மந்தமாக இருந்தால், காரணம் தெரியாவிட்டாலும் குறித்து வையுங்கள்.

இறந்த மீன்களைத் தொட்டிவாரியாக எடுத்து எண்ண வேண்டும். எண்ணும்போது செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் இன்னும் சிவப்பாக இருந்தால் அது இரவில் இறந்தது. வெளிறிப் போய், உடம்பும் கொழகொழவென்று இருந்தால் நேற்றோ முந்தாநாளோ இறந்தது, யாரோ எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இதைப் பிரித்து எழுதாவிட்டால் ‘இன்று திடீரென்று 30 மீன் இறந்தது’ என்று ஒரு பொய்யான கதை பதிவாகிவிடும்.

இதற்குப் பிறகுதான் மீட்டர். நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வெப்பநிலையும் கரைந்த ஆக்சிஜனும் எடுங்கள். 10 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9 ஆகக் குறைகிறது. ஆனால் சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. கோடையில் இந்த இரண்டும் சேர்ந்துதான் அடிக்கும். வெளியேறும் நீரில் 7 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள். தீவனம் போட்ட பிறகு மீன்கள் அதிக ஆக்சிஜன் எடுக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

கிணற்று நீரோ ஊற்று நீரோ வரும் இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நீரில் நைட்ரஜன் அளவுக்கு மேல் கரைந்திருக்கலாம். மொத்த வாயு அழுத்தம் 110 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து. துடுப்பிலும் கண்ணிலும் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். பார்க்கத் தெளிந்த நீராகவே இருக்கும் என்பதால் இதைத் தவறவிடுவது சுலபம்.

இலையுதிர் காலம்: முட்டை எடுக்கும் நாட்கள்

வருடத்தில் பரபரப்பான நேரம் இதுதான். மீன்கள் படிக்கட்டு வாய்க்கால் ஏறித் தேக்கக் குளத்துக்கு வந்து சேரும். தின்பதை எப்போதோ நிறுத்தியிருக்கும். பெண் மீனின் வாலைப் பிடித்து வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தால் பக்குவம் தெரியும்: சினை கெட்டியாக ஒரே கட்டியாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, உள்ளே மணிகள்போல் உருண்டு நகர்ந்தால் தயார். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் எப்படியும் இறந்துவிடும். ஆகவே அதைக் கொன்று, ரத்தத்தை வடியவிட்டு, வயிற்றைக் கிழித்து முட்டையைக் காய்ந்த வாளியில் எடுப்பார்கள். ஆணின் விந்தைச் சேர்த்துக் கலந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் பட்டதும் விந்தணுக்கள் விழித்து நீந்தும். ஆனால் அந்த வேகம் ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதனால்தான் முன்கூட்டி ஒரு துளி மழைநீர்கூட வாளிக்குள் விழக்கூடாது என்று கத்துவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்காணிப்பு டெக்னீசியனின் இடம் அந்த மேசையின் ஓரம். ஒவ்வொரு மீனுக்கும் நீளம், பால், செதில், மரபணுவுக்கு ஒரு துண்டு துடுப்பு, நோய்ச் சோதனைக்குச் சிறுநீரகத் துண்டும் சினைத் திரவமும் எடுக்க வேண்டும். கொழுப்புத் துடுப்பு (பொரிப்பக மீன் என்று காட்ட வெட்டிவிடும் சின்னத் துடுப்பு) இருக்கிறதா இல்லையா என்பதையும், உலோகத்தைக் கண்டறியும் கோல் மூக்கருகே சத்தமிடுகிறதா என்பதையும் எழுத வேண்டும். நீளத்தை இரண்டு விதமாக எடுப்பது வழக்கம். மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை ஒன்று. ஆனால் இந்தப் பருவத்தில் ஆணின் தாடை கொக்கிபோல் நீண்டிருக்கும், வாலும் தேய்ந்திருக்கும். ஆகவே கண்ணின் பின்விளிம்பிலிருந்து முதுகெலும்பு முடியும் தட்டு வரை இன்னொன்று. செதிலை முதுகுத் துடுப்பின் பின்முனையிலிருந்து குதத் துடுப்பின் முன்முனைக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்து, அது பக்கக் கோட்டை (மீனின் பக்கவாட்டில் நீளவாக்கில் தெரியும் கோடு) தொடும் இடத்துக்குச் சற்று மேலே எடுங்கள். குஞ்சாக இருந்தபோது செதில் முதலில் முளைப்பது அந்தப் பகுதியில்தான். வேறு இடத்தில் எடுத்தால் முதல் வருடத்தின் வளையங்கள் குறைவாகத் தெரிந்து வயது தப்பலாம்.

இந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சிறுநீரகத் துண்டு இருக்கும் குப்பியின் எண்ணும் முட்டைத் தட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பாக்டீரியா சிறுநீரக நோய் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடும். மேலே அயோடின் கரைசலில் கழுவினாலும் உள்ளே இருப்பதை எட்டாது. சோதனையில் நோய் அதிகம் என்று வந்த தாயின் முட்டைகளை அப்படியே அகற்றுவதுதான் வழி. எண் ஒன்று தள்ளிப்போனால் நல்ல தாயின் முட்டைகள் குப்பைக்குப் போகும், நோயுள்ளவை தொட்டிக்குப் போகும்.

எனக்கு அது நடக்கப் பார்த்தது. கொட்டும் மழை, விரல்கள் மரத்துப் போயிருந்தன. முட்டை வாளியில் 41 என்று எழுதியிருக்கிறது, என் கையிலிருந்த குப்பியில் 42. ஓரிரு நொடி யோசித்தேன். பிறகு கையை உயர்த்தி வேலையை நிறுத்தச் சொன்னேன். பத்துப் பதினைந்து பேர் ஈரத்தில் காத்து நின்றார்கள். நிச்சயமாகத் தெரிந்த கடைசி ஜோடி வரை பின்னால் போய், துடுப்புத் துண்டுகளின் அட்டையோடு ஒப்பிட்டு வந்தோம். 36-ஆம் மீனுக்கு நான் இரண்டு குப்பிகளை எடுத்திருந்தேன். அன்றிலிருந்து எங்கள் மேசையில் எண்ணை ஒருவர் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் குப்பியைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். உங்கள் இடத்தில் இந்தப் பழக்கம் இல்லையென்றால் நீங்களே தொடங்கி வையுங்கள்.

குளிர்காலம்: முட்டை அறை

முட்டையின் வளர்ச்சியை நாட்களால் எண்ணுவதில்லை, வெப்ப அலகால் எண்ணுவார்கள். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சினூக் முட்டையில் ஏறக்குறைய 250 அலகில் கண் தெரியும். 500 அலகு வாக்கில் பொரியும். 900-ஐத் தாண்டி மஞ்சள்கருப் பை சுருங்கித் தீவனத்துக்குத் தயாராகும். நீர் 10 டிகிரி என்றால் பொரிய 50 நாள், 8 டிகிரி என்றால் 62 நாள். ஒரே ஒரு நாள் வெப்பநிலையை எழுத மறந்தாலும் கூட்டல் ஆட்டம் கண்டுவிடும்.

கருவுற்ற முட்டை நீரை உறிஞ்சிக் கெட்டியான பிறகு, ஓரிரு நாளில் மிக மென்மையான பருவம் தொடங்கும். கண் தெரியும்வரை தட்டை அசைக்கவே கூடாது. இருட்டில் ஓடும் நீரில் அப்படியே விட்டுவிட வேண்டும். சும்மா இருப்பதும் இங்கே வேலைதான். கறுப்புப் புள்ளியாக இரண்டு கண்கள் தெரிந்ததும் நிலைமை தலைகீழ். முட்டைகளை வேண்டுமென்றே ஓர் உயரத்திலிருந்து வாளியில் ஊற்றுவார்கள். முதல்முறை பார்ப்பவருக்குப் பகீரென்று இருக்கும். கருவுள்ள முட்டை அந்த அதிர்ச்சியைத் தாங்கும். கருவுறாத முட்டையின் உட்சவ்வு கிழிந்து நீர் புகுந்து, மறுநாள் பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளையாகியிருக்கும். வெள்ளையானவற்றை எடுத்துவிட வேண்டும். செத்த முட்டையில்தான் பஞ்சுபோல் பூஞ்சை பிடிக்கும், அங்கிருந்து பக்கத்து உயிருள்ள முட்டையையும் மூடும். பூஞ்சைக்கு ஃபார்மலின் விடும் அறையில் காற்றோட்டம், கையுறை, முகக் கவசம் இல்லாமல் நிற்காதீர்கள். அது புற்றுநோய் தரும் பொருள்.

பொரித்த குஞ்சுகளையும் கண்ணால் பாருங்கள். 2020 தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சினூக் குஞ்சுகள் திருகுபோல் சுழன்று நீந்தி இறந்தன. தொற்று எதுவும் இல்லை. தயமின் என்ற பி1 வைட்டமின் குறைபாடு. தாய் மீன்கள் கடலில் பெரும்பாலும் நெத்திலியையே தின்றதோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். தயமின் கலந்த நீரில் குஞ்சுகளை வைத்ததும் தேறின. ‘ஏதோ விநோதமாக நீந்துகிறது’ என்று பொரிப்பக ஊழியர்கள் கவனித்துச் சொன்னதால்தான் இது வெளியே வந்தது.

வளர்ப்புக் காலம்: மாதிரி எடுப்பது எப்படி

மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ மாதிரி எடுத்து எடையும் நீளமும் பார்ப்பது வழக்கம். முந்தின நாள் தீவனத்தை நிறுத்துங்கள். மீன்களை ஒரு தடுப்புச் சல்லடையால் நெருக்கி, பல இடங்களிலிருந்து வலையில் அள்ளுங்கள். முதலில் சிக்குபவை எப்போதும் மந்தமானவை. ஒரே மூலையில் அள்ளினால் தொட்டி முழுக்க நோஞ்சான் என்று கணக்கு வரும். வலையில் வந்த எல்லா மீனையும் அளக்க வேண்டும். ‘100 ஆகிவிட்டது, மிச்சத்தைக் கொட்டிவிடலாம்’ என்று நிறுத்தாதீர்கள். மிச்சமாக அடியில் கிடப்பவை எல்லாம் ஒரே அளவாக இருக்க வாய்ப்பு உண்டு.

மயக்க மருந்து எம்எஸ்-222 அமிலத்தன்மை உள்ளது. தாது குறைந்த மென்நீரில் அதோடு சமையல் சோடா கலந்து சமன்செய்வார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் பக்கவாட்டில் சாயும். செவுள் அசைவு நின்றால் அந்த நொடியே நல்ல நீருக்கு மாற்றுங்கள். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உலர்ந்த கை உடம்பின் வழுவழுப்பை உரித்தெடுத்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை வரும்.

நீளத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடற்கட்டு எண்ணின் கணக்கு எளிது: எடையை கிராமில் எடுத்து 1,00,000-ஆல் பெருக்கி, மில்லிமீட்டர் நீளத்தின் கனத்தால் வகுக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் மீன் 10 கிராம் இருந்தால் 1.0. கடலுக்குத் தயாராகும்போது மீன் மெலிந்து நீள்வதால் இந்த எண் இறங்கும். அதைப் பார்த்துத் தீவனம் போதவில்லை என்று பதறாதீர்கள்.

குறியிடுதல்

பொரிப்பக மீனை ஆற்று மீனிலிருந்து பிரித்தறிய, முதுகுத் துடுப்புக்குப் பின்னால் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டுவார்கள். அரைகுறையாக வெட்டினால் மீண்டும் வளர்ந்துவிடலாம், பிறகு அது ஆற்று மீன் என்று எண்ணப்படும். ஒரு பகுதி மீன்களுக்கு மூக்குக் குருத்தெலும்பில் குறியீட்டுக் கம்பித்துணுக்கு செலுத்துவார்கள். நீளம் 1.1 மில்லிமீட்டர், தடிமன் கால் மில்லிமீட்டர்தான். அதில் பொறித்த எண்கள் அந்த மீன்கூட்டத்தைச் சொல்லும்.

உங்கள் பொறுப்பு, துணுக்கு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. சில வாரம் கழித்து ஒரு மாதிரியை உலோகங்காட்டியில் விட்டுப் பாருங்கள். 2,00,000 மீனுக்குச் செலுத்தி, 96 சதவீதத்தில் தங்கியிருந்தால் உண்மையில் குறியோடு போவது 1,92,000. பின்னால் ஒவ்வொரு துணுக்கும் பல மீன்களுக்குப் பதிலாகக் கணக்கில் நிற்கும் என்பதால், இந்தச் சதவீதத்தில் வரும் பிழையும் அதே அளவுக்குப் பெருகும்.

பிட் டேக் வேறு வகை. அரிசியளவு கண்ணாடிக் குப்பி, பேட்டரி கிடையாது, ஒவ்வொரு மீனுக்கும் தனி எண். அணைகளில் உள்ள ஆன்டெனாவைக் கடக்கும்போது மீன் உயிரோடு இருக்கும்போதே படிக்கலாம். அலாஸ்காவில் இன்னொரு முறை: முட்டை அறை நீரின் வெப்பநிலையைத் திட்டமிட்டு மாற்றி, மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லில் கோடுகள் விழச் செய்வார்கள். மீனைத் தொடாமலேயே லட்சக்கணக்கில் குறியிட்டுவிடலாம்.

வசந்தம்: விடுவிப்பும் பொறியும்

பக்கவாட்டுப் பட்டைகள் மறைந்து உடம்பு வெள்ளியாகி, செதில் கையோடு வந்தால், அது கடலுக்குத் தயாரான ஸ்மோல்ட். சல்லடையை எடுத்துவிட்டுத் தானாகப் போகவிடுவது நல்லது. வளர்ந்த நீரின் வாசனையை நினைவில் வைத்துத்தான் அவை திரும்பும். லாரியில் தூரம் கொண்டுபோய் விட்டால் வழிதவறும் மீன்கள் கூடும்.

கடலுக்குப் போகும் குஞ்சுகளைப் பிடித்து எண்ண, கீழே ஆற்றில் சுழலும் கூம்புப் பொறி மிதக்கும். பிடித்த குஞ்சுகளில் 500-ஐச் சாயமேற்றி மேலே கொண்டுபோய் விடுங்கள். அவற்றில் 50 மீண்டும் சிக்கினால் பொறியின் திறன் 10 சதவீதம். சாயமில்லாத மீன் 3,000 சிக்கியிருந்தால் கடந்து போனவை சுமார் 30,000. மரக்கட்டை சிக்கிக் கூம்பு நின்றிருந்தால் எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் ‘மீன் வரவில்லை’ என்பதும் ‘பொறி ஓடவில்லை’ என்பதும் பதிவில் ஒன்றாகிவிடும்.

மீண்டும் இலையுதிர் காலம்: ஆற்றங்கரை நடை

இப்போது ஆற்றோரம் நடந்து முட்டைக்குழிகளையும் இறந்த மீன்களையும் எண்ண வேண்டும். குழி என்பது பாசி நீங்கிப் பளிச்சென்று தெரியும் கூழாங்கல் பரப்பு. மேல்பக்கம் பள்ளமும் கீழ்ப்பக்கம் மேடும் இருக்கும். மிதிக்காமல் சுற்றிப் போங்கள், கீழே முட்டைகள் இருக்கின்றன. கரடி நடமாடும் இடத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள்.

எண்ணிய மீனின் வாலை வெட்டிவிட்டால் அடுத்த வாரம் இரண்டாம் முறை எண்ண மாட்டீர்கள். பெண் மீனின் வயிற்றைத் திறந்து முட்டையிட்டதா என்று பாருங்கள். சியாட்டில் சுற்றுவட்டார நகர ஓடைகளில் வயிறு நிறைய முட்டையோடு கோஹோ சால்மன்கள் இறந்து கிடந்ததை இப்படி நடந்தவர்கள்தான் வருடக்கணக்கில் எழுதி வைத்தார்கள். வாகன டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருளிலிருந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன் மழைநீரோடு ஓடைக்கு வருவதே காரணம் என்று 2020-இல் தெரிந்தது.

கொழுப்புத் துடுப்பு இல்லாத மீனோ, கோல் சத்தமிடும் மீனோ கிடைத்தால் கண்ணுக்குப் பின்னால் நேராக வெட்டி மூக்குப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, ஆற்றின் பெயர், பகுதி எண், இனம், பால், நீளம், செதில் அட்டையின் எண் ஆகியவற்றை நீர் புகாத சீட்டில் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள். பையின் வெளியே மட்டும் எழுதினால் உறைபெட்டியில் அழிந்துவிடும். ஒரு பையில் ஒரு மூக்கு. பையின் வாயைக் கட்டும் முன் சீட்டிலுள்ள எண்ணைச் சத்தமாகப் படியுங்கள். கூட வந்தவர் குறிப்பேட்டைப் பார்த்துத் திருப்பிச் சொல்லட்டும்.